அடித்தல் திருத்தல் இல்லாமல்

இந்த ஊரில் மார்ச் மாதம் சத்தமாக இருக்கிறது. நியூயார்க்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், எதிர்வீட்டுப் பையனுக்கும் என் மகள் காந்திமதிக்கும் ஒரே வயது. இருவருக்கும் பள்ளிப் படிப்பில் இது கடைசி வருடம். அவன் பாட்டுக்குச் சுவரில் பந்தை அடித்து விளையாடுகிறான், அவன் அம்மா டெலிவிஷனை அலறவிட்டுச் சமைக்கிறாள். வந்த புதிதில் எனக்குப் பதறும். கதவைத் தட்டி, பரீட்சை நேரமாயிற்றே, கொஞ்சம் மெதுவாக வையுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கள் திருநெல்வேலி டவுனில் மார்ச் வந்தால் தெருவே வாயைப் பொத்திக்கொள்ளும். கோவில் கொடைத் திருவிழாவுக்கு ரேடியோ கட்டுகிறவர்கூட, பரீட்சைப் பிள்ளை இருக்கிற வீடு எது என்று விசாரித்து, ஒலிபெருக்கிக் குழாயை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டுவார். விருந்தாளி வந்தால் வாசலிலேயே நிறுத்தி இரகசியம் போலப் பேசி அனுப்புவோம். பேனாவை அம்மன் சன்னிதியில் வைத்து வாங்கி வருவோம். இங்கே யாருக்கும் எந்தப் பதற்றமும் இல்லை.

பதற்றம் இல்லாததற்குக் காரணம் இருந்தது. இந்த மாநிலத்திலும் அரசுத் தேர்வு உண்டு, எழுதித் தேறினால்தான் பள்ளியை விட்டு வெளியே போக முடியும். ஆனால் எதிர்வீட்டுப் பையனும் காந்திமதியும் படிக்கும் சின்ன அரசுப் பள்ளிக்கு அதிலிருந்து விலக்கு வாங்கி வைத்திருந்தார்கள். தேர்வுக்குப் பதிலாக, ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை வருடம் முழுக்கச் செய்த வேலையைக் கோப்பாகத் தொகுத்து, ஆசிரியர்கள் அடங்கிய குழுவின் முன்னால் நின்று, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் போர்ட்ஃபோலியோ. அந்தச் சொல் என் நாக்கில் புரளாது. நான் 'கட்டு' என்றுதான் சொல்வேன். தேர்வே கிடையாது என்று முதல் நாள் கேட்டபோது, அந்த அலுவலக அறையிலேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அங்கிருந்த பெண்மணி, நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வேறு பள்ளியும் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் அழுகையின் காரணம் அவருக்கு எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று என் அண்ணன் ஜங்ஷனுக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தான். காந்திமதியின் நம்பர் அதில் இல்லை. கணக்கில் போய்விட்டது. கணக்கு தெரியாத பிள்ளை இல்லை அவள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். நடந்தது இதுதான். மூன்றாவது கணக்கில் ஓரிடத்தில் தப்பி, அரைப் பக்கத்தை அடித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. அழுக்கான தாளை அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. அடிஷனல் ஷீட் வாங்கி, முதல் கணக்கிலிருந்து திரும்ப அழகாக எழுத ஆரம்பித்திருக்கிறாள். பாதியில் மணி அடித்துவிட்டது. செப்டம்பரில் எழுதித் தேறினாள். ஆனால் நடுவில் இருந்த அந்தக் கோடைக்காலம் என் பகைவருக்கும் வரக் கூடாது. சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள். கிணற்றடிக்குப் போனால் நானும் ஏதோ வேலை இருப்பதுபோல் பின்னாலேயே போவேன். அவள் கதவைத் தாழிடக் கூடாது என்று குளியலறைத் தாழ்ப்பாளை அவள் அப்பா கழற்றி வைத்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து இங்கே வந்தபோது, ஊரில் எல்லோரும் டாலருக்காகப் போகிறோம் என்றார்கள். இன்னொரு அரசுத் தேர்வு என் பிள்ளையை என்ன செய்யும் என்ற பயம்தான் என்னைப் பிளேனில் ஏற்றியது.

இரண்டு வருடம் நிம்மதியாகப் போனது. இந்தக் கடைசி வருடத்து மார்ச்சில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. வருட வேலைக் கட்டைக் குழுவுக்கு அனுப்பும்போது டிராஃப்ட் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. 'அதுக்கென்ன, எடுத்துருவோம்' என்றார் என் வீட்டுக்காரர். ஊரில் எந்த விண்ணப்பத்துக்கும் பேங்க் டிராஃப்ட் எடுத்துப் பழகிய கை. எவ்வளவுக்கு என்று மட்டும் தாளில் இல்லை. கேட்டு வரலாம் என்று நான் போனேன். காந்திமதியின் கணக்கு ஆசிரியை மிஸ் ரோஸன், நல்ல உயரம், எப்போதும் அவசரம். என் மகளைக் கேண்டி என்று கூப்பிடுவார், நானும் திருத்தாமல் விட்டுவிட்டேன். டிராஃப்ட் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

'உங்களிடம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவும்' என்றார்.

நாங்கள் சாதாரணக் குடும்பம் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் நிறைய இருந்தால் குழுவுக்குத் திருப்தியாக இருக்கும் என்றார். யார் பெயரில் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். 'கேண்டியின் பெயரில்தான், வேறு யார் பெயரில்? ஒவ்வொன்றிலும் தேதி இருக்கட்டும்.' எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அமெரிக்கா அமெரிக்கா என்று வந்தோமே, இங்கேயும் இதுதானா என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

'இங்கனயும் டொனேசன் கேக்காவளா?' என்று என் வீட்டுக்காரர் குதித்தார். 'அதுவும் இருக்கதெல்லாம் வேணுமாமா?'

சமையலறையில் நின்ற காந்திமதி எட்டிப் பார்த்தாள். 'அப்பா, அது பேங்க் டிராஃப்ட் இல்ல. ரஃபு. நம்ம ரஃபு நோட்டுல எழுதுவோம்லா, அது.'

அவர் சிரித்தே விட்டார். நானும் சிரித்தேன். 'இவ்வளவுதானா! எடுத்துக் குடுத்துரு. எங்கன வச்சிருக்க?' என்றார்.

'தூரப் போட்டுட்டேன்.'

'எல்லாத்தையுமாட்டி?' என்றேன்.

'ஃபேர் காப்பி எழுதின உடனே கிழிச்சுப் போட்டுட்டேன்மா. ரஃப யாராச்சும் டீச்சர்ட்ட காட்டுவாவளா? மிஸ் பத்திரமா வைங்கன்னு சொல்லும்போதெல்லாம், ஒழுங்கா எழுதத் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லுதாவன்னு நெனச்சேன்.'

சிரிப்பு அப்படியே நின்றது. அவள் நினைத்ததில் என்ன தப்பு? நம் பக்கத்தில் ரஃப் நோட்டுக்கு என்ன மரியாதை உண்டு? வருடக் கடைசியில் எடைக்குப் போகும், பிறகு கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும். இங்கேயோ அந்த அழுக்குத் தாளைத்தான் கேட்கிறார்கள். பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது, எப்படி எழுந்தது என்று பார்த்துத்தான் இது அவள் வேலை என்று நம்புவார்களாம். மறுநாள் மிஸ் ரோஸனிடம் போய் நின்றோம். அவர் கட்டைப் புரட்டினார். முத்து முத்தான எழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு, ஒரு கீறல் கிடையாது. ஊரில் என்றால் வகுப்பு முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டிருப்பார்கள். அவர் முகம் வாடியது. 'இதை யார் எழுதினார்கள் என்று குழு கேட்கும்' என்றார். இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்லும்போது அவருக்கே கோபம் வந்தது. பள்ளிகளுக்குக் கொடுத்த விலக்கை அரசு திரும்ப எடுக்கப் போகிறது என்று பேச்சாம். இந்தக் கோடைக்குள் முடிக்காத பிள்ளைகள் எல்லோரையும் போல அரசுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அரசுத் தேர்வு என்ற சொல் வந்ததும் காந்திமதி என் கையைப் பிடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு மேசையில் பழைய வெள்ளைத் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். 'தப்புப் போடுதேன்' என்றாள். ஃபேர் காப்பியைப் பார்த்து, வேண்டுமென்றே தவறுகள் புகுத்தி, ரஃப் தயாரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, 'கொஞ்சம் காப்பியத் தெளிச்சு விடு, பழசு மாதிரித் தெரியும்' என்று யோசனை சொன்னார். நான் தடுக்கவில்லை. முழுகப் போகிறவளுக்கு எந்தக் கொடி கிடைத்தால் என்ன என்றுதான் இருந்தது. ஆனால் அவளால் முடியவில்லை. தப்பான விடையை எழுதிவிட்டு, அடிக்குச்சியை வைத்து, அளந்து, நேர்கோடாக ஒரு கோடு போட்டு அடித்தாள். எல்லா அடித்தலும் ஒரே நீளத்தில் இருந்தன. 'தப்பாப் போட வரமாட்டேங்கும்மா' என்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு அத்தனையையும் அவளே சுக்குநூறாகக் கிழித்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை. குளியலறைக்குப் போனவள் திரும்புகிற வரைக்கும் நான் வெளியே துணி மடித்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு அந்தக் கோடைக்காலம் திரும்ப வந்துவிட்டது. சாமி, கடல் தாண்டி வந்தும் விடமாட்டாயா என்று அழுதேன்.

குழு கூடிய நாளில் பெற்றோரும் இருக்கலாம் என்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேசைக்குப் பின்னால் மிஸ் ரோஸனும், வெளிப் பள்ளியிலிருந்து வந்த வழுக்கைத் தலை ஆசிரியரும், இன்னொரு பெண்ணும். காந்திமதியின் கணக்குக் கட்டுரை எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றியது. நான் பிறந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். மணிமுத்தாறு அணையில் திறந்துவிடும் தண்ணீர் குளம் குளமாக நிரம்பி, கடைசியாக எங்கள் குளத்துக்கு வர வேண்டும். கால்வாயின் கடைக்கோடி என்பதால் எங்களைக் கடைமடை என்பார்கள். 'தண்ணி தொறந்தாச்சு' என்று ரேடியோவில் சொன்னாலும் எங்களுக்கு வராது. வழியில் மண் எவ்வளவு குடிக்கும், வெயில் எவ்வளவு குடிக்கும், மேலே இருப்பவன் எவ்வளவு மடக்கிக்கொள்வான், எவ்வளவு திறந்தால் கடைமடை நனையும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். வழுக்கைத் தலை ஆசிரியர் கட்டைப் பார்த்துவிட்டு, டிராஃப்ட் இல்லையே என்று மிஸ் ரோஸனிடம் முணுமுணுத்தார். பிறகு காந்திமதியைப் பார்த்து, எழுதும்போது எங்கே தவறு செய்தாய் என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நம் ஊரில் பெரியவர் அப்படிக் கேட்டால் வாயைத் திறக்காமல் நிற்பதுதான் மரியாதை. இங்கே பேசாமல் நின்றால், எழுதியவள் இவள் இல்லை என்று அர்த்தம். எழுந்து போய் இதைச் சொல்லிவிட எனக்கு நாக்குத் துடித்தது, ஆனால் அதற்கான இங்கிலீஷ் என்னிடம் இல்லை.

'சரி, போர்டில் போட்டுக் காட்டு' என்றார் அவர்.

ஆரம்பித்தாள். இரண்டாவது குளத்தில் ஓரிடத்தில் தப்பினாள். நமக்குத் தெரிவதற்குள் உள்ளங்கையால் துடைத்துவிட்டாள். 'அழிக்காதே, இருக்கட்டும்' என்றார் அவர். சரி என்று தலையாட்டினாள். அடுத்த தப்பு வந்தது, கை தானாகப் போய்த் துடைத்தது. மிஸ் ரோஸன் எழுந்து வந்து டஸ்டரை எடுத்துப் போனார். மறுபடியும் தப்பினாள், சட்டைக் கையால் துடைத்தாள். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்டு முழுக்க வெள்ளைப் பூச்சு. அவள் தோள் குலுங்குவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. எங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் மறந்து நான் கத்திவிட்டேன். 'அழிக்காதட்டீ! தப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது, அங்கனயே கிடக்கட்டும்!'

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கியது. தப்பான எண்ணை அப்படியே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் சரியானதை எழுதினாள். அழுதுகொண்டே மூன்றாவது குளம் வரை வந்தாள். நேரம் முடிந்துவிட்டது.

எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசினார்கள். பிறகு மிஸ் ரோஸன் வந்து, 'நாட் யெட்' என்றார். இன்னும் இல்லை. கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்குள் கட்டுரையைப் புதிதாக, ரஃபோடு எழுதி வந்தால் மறுபடி பார்ப்போம் என்றார். அதுவும் சரியில்லை என்றால் அரசுத் தேர்வுதான். அவர் அதை நல்ல செய்திபோலச் சொன்னார். வீட்டுக் கதவைத் திறந்ததும், 'பாஸா, ஃபெயிலா?' என்று கேட்டார் என் வீட்டுக்காரர். ரெண்டும் இல்லை என்றேன். 'ரெண்டும் இல்லாம என்னத்தச் சொன்னாவ?' என்று என்னிடம் கத்தினார். பாஸ், ஃபெயில் என்ற இரண்டே சொல்லில் வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த மூன்றாவது சொல்லை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவதா, தலையில் கைவைத்து உட்காருவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது தினமும் பள்ளி விட்டு வந்ததும் அவள் மேசையில் உட்கார்ந்துவிடுகிறாள். நேற்றுக் காப்பி கொண்டு போய் வைத்தபோது, என்னிடம் சில தாள்களைக் கொடுத்து, 'இதத் தூரப் போட்டுராதம்மா, இதுதான் இவங்களுக்கு வேணும்' என்றாள். வாங்கிப் பார்த்தேன். அடிக்குச்சி வைக்காமல் கோணல்மாணலாக, உண்மையான அடித்தல்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் பிள்ளை மனசுக்குள் தமிழில் கணக்குப் போட்டு, முதலில் தமிழில் எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டு மேலே இங்கிலீஷ் எழுதியிருக்கிறாள். மடை, குளம் நிரம்பி வழிகிற மறுகால், கோடை என்று அடிபட்டுக் கிடந்ததெல்லாம் நம் சொல். குழு அதைப் பார்த்து, இவள்தான் எழுதினாள் என்று நம்பும். அவள் தேற வேண்டுமானால் அந்த அடித்தல்கள் வேண்டும். நானே அவற்றைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும்.

'அம்மா, கடைமடைக்கு இங்கிலீஷ்ல என்ன?' என்றாள்.

தெரியவில்லை என்றேன். அவள் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். கடைமடையை ஏற்கெனவே அடித்திருந்தாள். அதற்கு மேலே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.