உடையும் ஈட்டிகள், சீல் வைத்த உறைகள்

விதொசாவா யாரையும் நம்பமாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவள் சம்பளம் வாங்கியதே அதற்குத்தான். ஹங்கேரி எல்லைச் சாவடியில் இருபத்தாறு வருஷம் சுங்க அதிகாரியாக இருந்தவள். டிரைவர் கண்ணாடியை இறக்குவதற்குள் அவன் முழியைப் பார்த்தே சீட்டுக்கடியில் எத்தனை பெட்டி சிகரெட் என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்று நோவி சாத் நகரத்தில் நான்காவது மாடியில் தனியாக வந்து உட்கார்ந்தும் அந்தக் கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. கடைக்காரி பாலாடைக்கட்டி நிறுத்தால் குனிந்து தராசுக்கு அடியில் பார்ப்பாள். வெளியே வெயில் என்று ரேடியோ சொன்னால் ஜன்னலைத் திறந்து சரிபார்ப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ஆளைத்தான் சோதனை போடாமல் உள்ளே விட்டிருந்தாள். அவன் கிராதிமிர். அவள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், அவள் மகளைக் கோவிலில் கையில் ஏந்திப் பெயர் வைத்தவன். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவனைக் கூம் என்போம். அவள் அவனை ‘கூமே’ என்பாள், அவன் அவளை ‘கூமோ’ என்பான். முப்பத்தோரு வருஷமாக இருவர் வாயிலும் வேறு பெயர் வந்ததில்லை. கூடப் பிறந்தவனோடு பத்து வருஷம் பேசாமல் இருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும். கூமோடு முறித்துக்கொண்டால் ஊர் காறித் துப்பும்.

மகள் வியன்னாவுக்குக் குடிபோனபோது ஒரு பிரிண்டரை விட்டுப்போனாள். ரெசின் என்கிற பிசின் மாதிரியான திரவத்தை ஊற்றினால் வெளிச்சத்தாலேயே அதை இறுக்கி, விரல் நீளத்துக்குப் பொம்மை வீரர்களைச் செய்து தரும். ஊரில் மேஜைப் போர் விளையாடும் சங்கம் ஒன்று உண்டு. நாற்பது வயசு ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பகடை உருட்டி, கோட்டையைப் பிடித்தேன் விட்டேன் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர்களுக்கு வீரர்களைச் செய்து கொடுப்பதுதான் விதொசாவாவுக்கு இப்போது பொழுதும் வருமானமும்.

விளையாட்டுப் பொம்மை என்றால் சும்மாவா? பெட்டியில் உருளும், கை தவறி விழும், முழங்கை தட்டும். தாங்கவேண்டும். நல்ல ரெசின் கிடைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒன்று கண்ணாடி மாதிரி மினுக்கி, தொட்டால் நொறுங்கியது. ரப்பர் மாதிரி வளையும் இன்னொன்றை வாங்கினாள், தளபதியின் வாள் மூன்றே நாளில் வாடின கீரைத்தண்டாகத் தொங்கியது. மூன்றாவதன் நாற்றத்துக்கு மாடி வீட்டுக்காரர்கள் படியிறங்கி வந்து சண்டை போட்டார்கள். கடைசியில் கிராதிமிர்தான் வழி சொன்னான். பெயிண்ட் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் நிறம் கலக்கினவன் அவன். கடினமான ரெசின் எட்டுப் பங்கு, ரப்பர் ரெசின் இரண்டு பங்கு. தானே தன் கொட்டகையில் கலந்து பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தான். பிரிண்ட் ஆனதை ஸ்பிரிட்டில் கழுவி, ஊதா விளக்கடியில் மூன்று நிமிஷம் வைத்தால் போதும் என்றும் சொன்னான். அந்த வருஷம் முழுக்க ஒரு ஈட்டி முனைகூட உடையவில்லை.

விதொசாவா மட்டும் தன் பழைய வழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் விளக்கடியிலிருந்து எடுத்த கையோடு ஒரு வீரனைப் பழுப்பு உறையில் போட்டு, அரக்கு வைத்து, தேதி எழுதி, குறுக்கே கையெழுத்துப் போட்டு பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்தாள். எதற்கு என்று கேட்டால், “நாளைக்கு ஒரு கேள்வின்னு வந்தா சாட்சி வேணாமா?” என்பாள்.

கேள்வி அடுத்த வருஷம் செப்டம்பரில் வந்தது. சங்கத் தலைவன் ரெல்யா, பஸ் டிரைவர், ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தான். உள்ளே இருந்ததெல்லாம் உடைந்த ஈட்டி முனை.

“விதா அத்தை, இது ஈட்டியா, உப்பு பிஸ்கட் குச்சியா? பன்னிரண்டு பேர்ல பன்னிரண்டும் போச்சு. பசங்க வேற ஆளைப் பாக்கலாங்கறாங்க.”

“நீ என்ன பண்ணின? பஸ்ஸை ஏத்தினியா?”

“ஐயோ அத்தை, சும்மா பெட்டியிலேர்ந்து எடுத்தோம்!”

அவன் போனதும் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிரிண்டர் அதேதான், கழுவுவதும் அதே மாதிரிதான். மாறக்கூடியது பாட்டிலுக்குள் இருப்பது ஒன்றுதான், அந்தப் பாட்டிலைத் தொடுகிற கையும் ஒன்றுதான். சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் சும்மா இருக்குமா? ரப்பர் ரெசின்தான் விலை அதிகம். கிராதிமிர் அளவுக் குவளையைத் தொடமாட்டான், கேட்டால் கண் அளக்கும் என்பான். போதாக்குறைக்கு அந்த ஆகஸ்டில் அவனுடைய ஓட்டைப் படகில் பளபளவென்று ஒரு மோட்டார் ஏறி உட்கார்ந்திருந்தது. டான்யூப் கரையில் அவளே தன் கண்ணால் பார்த்தாள்.

மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். அவன் கொண்டுவந்த பாட்டிலை முகர்ந்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டைத் தேய்த்தாள். அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று நினைத்தாள். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று நினைத்தாள். கேட்டுவிட்டால் முப்பத்தோரு வருஷ உறவு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமலும் இருக்கமுடியவில்லை. ஈட்டிகள் உடைந்துகொண்டே இருந்தன.

அக்டோபர் பாதியில் ஒரு மத்தியானம், புதுப் பாட்டிலோடு வந்தவனை உட்காரவைத்துக் காபி ஊற்றினாள்.

“கூமே, ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. ரப்பர் ரெசின் எவ்வளவு ஊத்தற?”

“எப்பவும் ஊத்தறதுதான். பத்துக்கு ரெண்டு.”

“அளந்தா?”

“நாப்பது வருஷம் கலக்கினவன்கிட்ட அளந்தியான்னு கேக்கறியே! கண்ணு அளக்கும் கூமோ.”

“அது சரி. படகு மோட்டாரை எந்தக் கண்ணு அளந்துச்சு?”

கிராதிமிர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

“என்ன சொல்ல வர்ற?”

“நான் ஒண்ணும் சொல்லலை. சாட்சி சொல்லும்.” பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தனையும் உடைந்ததே, அந்த செப்டம்பர்த் தொகுப்பின் உறையை எடுத்தாள். கையெழுத்தைக் காட்டினாள், அரக்கு உடையாததைக் காட்டினாள், பிறகு கிழித்தாள். பழைய மிடுக்கு அத்தனையும் அவள் குரலில் வந்துவிட்டது. “பாத்துக்கோ. மேஜை உயரத்திலேர்ந்து போடறேன். உன் ரெண்டு பங்கோட லட்சணம் தெரியும்.”

போட்டாள். வீரன் தரையில் பட்டு எகிறிக் குளிர்பெட்டிக்கு அடியில் ஓடினான். மண்டியிட்டுத் துழாவி எடுத்தாள். ஈட்டி முழுசாக இருந்தது. நின்றுகொண்டு தலைக்கு மேலிருந்து போட்டாள், உடையவில்லை. விரலால் வளைத்தாள். பச்சைக் குச்சியாக வளைந்து நிமிர்ந்தது. அடுத்த உறை, அதற்கடுத்த உறை என்று நான்கைக் கிழித்தாள். எல்லாமே முழுசு. அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

கிராதிமிர் எழுந்து கண்ணாடி அடைத்த பால்கனிக்குப் போனான். அங்கே அலமாரித் தட்டில் சங்கத்துக்கான வீரர்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவனை எடுத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினான். டக்கென்று ஈட்டி ஒடிந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

“இதுங்க எத்தனை நாளா இங்க நிக்குது?”

“மூணு நாள். சிலது அஞ்சு.”

“எப்போலேர்ந்து இந்தப் பழக்கம்?”

“ஆகஸ்ட்லேர்ந்து. ஒண்ணு கையில பிசுபிசுன்னு ஒட்டிச்சு. அந்த விளக்கை எப்படி நம்பறது? மூணு நிமிஷத்துல என்ன காயும்?”

“மூணு நிமிஷம்னு நான்தானே சொன்னேன்.” அவன் சத்தம் போடவில்லை. “வெளிச்சம் கூடிப்போனா சருகாயிடும் இது. உன் உறைக்குள்ள இருட்டுல கிடந்ததுதான் தப்பிச்சுது. விளக்கை நம்பலைன்னு சொல்லாதே. என்னை நம்பலை.”

தொப்பியை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று, “மோட்டார் என் மருமகனோடது. ரிப்பேருக்கு எங்கிட்ட கிடக்குது” என்றான். போய்விட்டான். காபி ஊற்றின அளவு குறையாமல் கோப்பையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதைவிட முகத்தில் அறைவது வேறெதுவும் இல்லை.

அவள் நாலைந்து தடவை போன் பண்ணினாள். ஒரு தடவை எடுத்தான். “தப்புப் பண்ணிட்டேன், கூமே” என்றாள். “கேட்டது கேட்டாச்சு, விடு” என்று வைத்துவிட்டான்.

மாசக் கடைசியில் புனித லூக்கா நாள். அவள் கணவன் குலத்துக்கு அவர்தான் காவல், வருஷத்தின் பெரிய நாள். அந்தப் பண்டிகைக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. நம்மைத் தன் ஆளாக நினைப்பவன் தானே வருவான், நினைக்காதவன் வரமாட்டான். கிராதிமிர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. இந்த வருஷம் வா என்று சொல்லவும் அவளுக்கு வழியில்லை. பால்கனிக்குத் தடித்த திரை போட்டு மூடினாள், உடைந்ததற்கெல்லாம் பதிலாக அறுபது வீரர்களைப் புதிதாக அடித்து, மூன்றே நிமிஷம் விளக்கில் வைத்து எடுத்தாள். ரெல்யா வந்து நாலு பேரைத் தரையில் வீசிப் பார்த்துவிட்டு, “அத்தை, ரப்பர் பந்து மாதிரி குதிக்குது!” என்று கூத்தாடினான். அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

லூக்கா நாளன்று மெழுகுவர்த்தி எரிந்தது, பண்டிகை ரொட்டியும் வேகவைத்த கோதுமையும் தயாராக இருந்தன. மாடி வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பழைய சாவடிக்காரர்கள் வந்தார்கள், ரெல்யா மனைவியோடு வந்தான். ஜன்னலோரத்து நாற்காலியில் யார் உட்காரப்போனாலும், “அதுல கால் ஆடுது” என்று எழுப்பிவிட்டாள். நாற்காலிக்கு ஒரு கோளாறும் கிடையாது. பன்றி வறுவலும் முட்டைக்கோஸ் சுருளும் தீர்ந்து, கேக் வந்த பிறகு மணி அடித்தது.

கிராதிமிர்தான். சிலுவைக் குறி போட்டு ஒரு கரண்டி கோதுமை தின்றான். “பண்டிகை வாழ்த்து, விதொசாவா” என்றான்.

விதொசாவாவாம். அவளுக்கு நெஞ்சில் குத்தியது. அவன் பையிலிருந்து பழுப்புக் காகிதம் சுற்றிய பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். சணல் கட்டி, சிவப்பு அரக்கு வைத்து, குறுக்கே கையெழுத்து, தேதி. கூடவே மடித்த ஒரு சீட்டு.

“அளந்துதான் ஊத்தினேன். மில்லி கணக்கா எழுதியிருக்கேன். இனிமே ஒவ்வொண்ணும் இப்படித்தான் வரும். சரிபாத்துக்கோ, விதொசாவா.”

இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் சீல் பார்த்திருப்பாள். இப்படி ஒன்று அவளை அழவைத்ததில்லை. எல்லோர் முன்னாலும் கண் நிறைந்துவிட்டது. அவன் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான்.

அவள் சீட்டைப் பிரிக்கவில்லை. எரிகிற மெழுகுவர்த்தியில் காட்டி, சாம்பலைத் தட்டில் போட்டாள். விருந்தாளிகள் வாய் பிளந்து பார்க்க, பண்டிகைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் கையுறை மாட்டினாள். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பிரிண்டர் இருந்த பால்கனிக்குப் போனாள். அரக்கைச் சரிபார்க்காமல் பிய்த்து எறிந்தாள். முகரவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவில்லை. பிரிண்டரின் மூடியைத் திறந்து பாட்டிலைச் சாய்க்கப் போனாள்.

“ஏய், ஏய்!” நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. “குலுக்காம ஊத்தாத, கூமோ! கனமானதெல்லாம் அடியில தங்கிக் கிடக்கும்.”

பாட்டிலின் மூடியைத் திரும்ப இறுக்கி, நெஞ்சோடு பிடித்துக் குலுக்கத் தொடங்கினாள். எத்தனை நிமிஷம் என்று அவள் கேட்கவில்லை. அவன் போதும் என்று சொல்கிற வரைக்கும் குலுக்கிக்கொண்டே நின்றாள்.