திருட்டுப் பொருளைத் தொடாத திருடர்

தென்னைநார் மில் வேலையை உதறிவிட்டு உச்சி வெயிலில் நடந்துகொண்டிருந்தேன், பேய் பிசாசு எதையும் நம்பியவனில்லை நான், சுடுகாட்டுத் திண்டில்கூடப் படுத்துத் தூங்கியிருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையில் ஒரு சட்டை, ஒரு லுங்கி, லைசென்ஸ். மறுநாள் காலை பொள்ளாச்சியில் ஒரு லாரிக்காரர் லைசென்ஸோடு வரச் சொல்லியிருந்தார், அது இல்லாமல் வேலை இல்லை. பையின் அடியில், கோபத்தில் மில்லிலிருந்து தூக்கி வந்த ஒரு ஸ்பேனர்.

ஆனைமலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். எல்லையில், குதிரைமேல் ஓர் ஆள் இருப்பதுபோல் செதுக்கிய கல். பக்கத்தில் இளநீர் விற்ற அக்கா கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, பையில இருக்கறத அவருகிட்டச் சொல்லிப்போட்டுப் போங்க.”

“யாருங்க அவரு?”

“எங்கூருத் திருடருங்க. அந்தக் காலத்துல கணவாய் வழியா வந்த வண்டிய எல்லாம் மறிச்சவரு. ‘என்னங்க இருக்குது, சொல்லுங்க’ன்னு மரியாதையாத்தான் கேப்பாராம். உண்மையச் சொன்னா உட்டுருவாரு. பொய் சொன்னா எடுத்துக்குவாரு.”

திருடருக்கு இத்தனை ‘ங்க’ போடும் ஊரை நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே, “துணிமணிதானுங்க சாமி” என்று கல்லிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

நூறடி போயிருப்பேன். பை தோளை விட்டு இறங்கவில்லை, ரோட்டில் ஈ காக்கை இல்லை, நம்பினால் நம்புங்கள், காதோரமாக ஒரு குரல்: “அவ்வளவுதானுங்களா?”

திரும்பினால் யாருமில்லை. பையைக் கொட்டிப் பார்த்தேன். சட்டை, லுங்கி, ஸ்பேனர் இருந்தன. லைசென்ஸ் இல்லை.

ஓடிவந்து சொன்னதும் அக்கா ஸ்பேனரைப் பார்த்தார்.

“இது உங்களுதுங்களா?”

நான் அதைப் பைக்குள் தள்ளப் பார்த்தேன்.

“அதான் உட்டுப்போட்டாரு. திருட்டுப் பொருள அவரு தொடமாட்டாருங்க. கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வாங்க கண்ணு.”

அந்த வெயிலில் மில்லுக்குத் திரும்பி, சூப்பர்வைசரின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு ஸ்பேனரை வைத்துவிட்டு வந்தேன். கல்லின் முன் நின்று நடந்ததைச் சொன்னேன். பையைத் திறந்தால், சட்டை மடிப்புக்குள் லைசென்ஸ். எத்தனையோ யோக்கியர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன், இந்தத் திருடரின் நியாயம் அவர்களிடம் இருந்ததில்லை.

அன்றிரவு பனி கொட்டிய பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். காலையில் லைசென்ஸைக் கையில் வாங்கிய லாரிக்காரர் என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, மடியிலயே கட்டியிருந்தீங்களா? இப்படி வெதுவெதுன்னு இருக்குது!”

இன்றுவரை அந்தச் சூடு ஆறவில்லை. அவரிடம் சாவியை வாங்கி, தேங்காய் லோடோடு வண்டியைக் கிளப்பினேன்.