மஞ்சள் வைத்த கடிதம்

என் மகளுக்கு மூன்று வயது முடியப் போகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலூரில் பேச்சுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, செலவுக்கு வீட்டில் காட்டிய ஒரே வழி பீரோவில் கிடந்த பழைய தந்திக் கருவி.

அது என் கணவரின் கொள்ளுத் தாத்தா வாங்கியது. ஆரணியில் பட்டு வியாபாரம் செய்தவர். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி, நல்ல நிலையில் ஒரு தந்திக் கருவி விலைக்கு இருக்கிறது என்று அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மெட்ராஸில் பட்டு என்ன விலைக்குப் போகிறது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் என நினைத்து இவரும் வாங்கிவிட்டார். கம்பி இழுக்காமல் அது வேலை செய்யாது என்பதைக் கடிதம் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தையும் கருவியையும் படமெடுத்து இணையத்தில் போட்டது நான்தான். சென்னையில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அன்று காலை மாமியார் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தார். எங்கள் வீட்டில் ஜாதகமோ கல்யாணப் பத்திரிகையோ, நான்கு மூலையிலும் மஞ்சள் படாமல் எந்தக் காகிதமும் நல்ல காரியத்துக்கு வெளியே போகாது.

"அத்தை, அது ரொம்பப் பழைய பேப்பர். ஈரம் பட்டா…"

"நல்ல காரியத்துக்குப் போற கடுதாசி மூளியாவா போவும்? உன் பொண்ணுக்காகத்தான் வெச்சிகினு இருக்கேன்."

அழுத்திச் சொல்லியிருக்கலாமோ? சொன்னால், பிள்ளைக்கு நடக்கிற நல்லதை நானே தடுக்கிறேன் என்பார்கள். மாமியாரின் விரல் கீழ் மூலைக்கு வந்தது. அங்கேதான் கையெழுத்து. மை கரைந்து மஞ்சளோடு பரவியது.

வந்தவர் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போட்டோவுல கையெழுத்து தெளிவா இருந்துதேங்க? இந்தக் கருவி வேற எங்கயும் கெடைக்கும். எழுதினவர் கையெழுத்தோட கடிதம் இருக்குன்னுதான் இவ்ளோ தூரம் வந்தேன்."

"மஞ்சள் பட்டா அதுவும் ஒரு கொறையா? இன்னா ஆளுப்பா இவரு!" என்றார் மாமியார், அவர் காதில் விழும்படியே.

வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சவதானே? பக்கத்துலயே இருந்துகினு, ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேங்க."

"சொல்ற மாதிரி சொல்லணும்."

"உடுடா," என்றார் மாமியார். "கொழந்த தானா பேசும். நீயே அஞ்சு வயசுலதான் பேசின. இப்ப வாயை மூடறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் வேலூருக்குப் போன் செய்து, வரமுடியாது என்றேன். பயிற்சி தரும் பெண் காரணம் கேட்டார். பணம் இல்லை என்று சொல்லக் கூசியது. "பேச ஆரம்பிச்சிட்டா மேடம்" என்றேன்.

"அப்படியா! முதல்ல என்ன சொன்னா?"

ஏதோ முனகினேன். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.