உப்பு கம்மியான கிறிஸ்மஸ்

இல்ல, இல்ல, அவங்க பினாங்குக்குப் போகவே இல்ல. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன், ஏன்னா சில பேரு இன்னமும் போனதாத்தான் பேசிக்கறாங்க. போன கிறிஸ்மஸுக்கு லூர்துமேரியும் அவங்க வீட்டுக்காரரு சவரிமுத்துவும் கிள்ளான்ல சொந்த வீட்டுக்குள்ளதான் ஒளிஞ்சிருந்தாங்க. முன்கேட்டுல பெரிய பூட்டு. வாசல்ல ஒரு செருப்பு கெடையாது. ஜன்னலுக்கெல்லாம் திரை.

லூர்துமேரி எங்க சம்பந்தியம்மா. ஸ்கூல் கேன்டீன்ல சமைக்கறவங்க. கிறிஸ்மஸ் வந்தா அவங்க வீடுதான் அந்த வீட்டு வரிசைக்கே ஓப்பன் ஹவுஸ், யாரு வேணா வந்து சாப்புடலாம். மட்டன் பிரட்டல், நெய்ச்சோறு, கோழி, அச்சுமுறுக்கு, பத்தாததுக்கு வீட்டுக்குக் கொண்டு போக டப்பா வேற. ரெண்டு வருஷத்துக்கு முந்தி இப்படி கிண்டிக்கிட்டு இருக்கும்போதே கரண்டியோட சரிஞ்சு உக்காந்துட்டாங்க. வந்தவங்க எல்லாம் மூடி கீழ விழுந்துருச்சு, தேடுறாங்கன்னு நெனச்சு சாப்புட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறந்தான் தெரிஞ்சது, பிரஷர்.

போன டிசம்பர்ல கிளினிக்குல அந்த டாக்டர் பொண்ணு மெஷினப் பாத்துட்டு மூஞ்சி சுளிச்சுச்சு. "ஆன்டி, இந்த வருஷம் சமையல் வேணாம் லா. உப்பக் கொறைங்க, படுத்துத் தூங்குங்க."

"கிறிஸ்மஸுக்கா?"

"கிறிஸ்மஸுக்குத்தான். மக மாசமா இருக்குன்னு சொன்னீங்கல்ல? பிரஷர் இப்படியே இருந்தா பேரப்பிள்ளையக் கையில குடுக்கக் கூடாதுன்னு நானே சொல்லிடுவேன். பிள்ளையோட மயங்கி விழுந்தா என்ன செய்வீங்க?"

அதுல ஆடிப்போயிட்டாங்க லூர்துமேரி. பிரசவம் அம்மா வீட்டுலன்னு ஏற்பாடு. பிள்ளையக் கால்ல போட்டுக் குளிப்பாட்டணும்னு மக கல்யாணத்தன்னிக்கே கனவு கண்டவங்க அவங்க.

ஆனா "சமைக்கல"ன்னு எப்படிச் சொல்றது? யாரு செத்துட்டான்னுதான் கேப்பாங்க. பக்கத்து வீட்டு வள்ளியம்மா வேற வேலிக்கு மேல தலைய நீட்டி, "அக்கா, இந்த வருஷம் எத்தன கிலோ மட்டன்?"னு கேட்டுச்சு. சவரிமுத்துதான் பின்னாலருந்து, "நாங்க பினாங்கு போறோம்!"னு கத்திட்டாரு.

சொன்னதுக்குப் போய்த்தானே ஆகணும்? முத நாளே காருல பொட்டிய ஏத்தி, வரிசைக்கே டாட்டா காட்டிட்டு, பட்டணத்துல, பிரிக்ஃபீல்ட்ஸ்ல லூர்துமேரியோட தங்கச்சி வீட்டுல போய் எறங்கினாங்க. காலையில அங்கயே சர்ச்சுல பூசை பாத்தாங்க. காரை அங்க விட்டுட்டு, கொமுட்டர் ரயிலப் புடிச்சு கிள்ளானுக்கு வந்து, பின்சந்து வழியா குசினிக் கதவத் தொறந்து உள்ள பூந்தாங்க. தங்கச்சி வீட்டுலயே இருந்திருக்கலாம்தான். ஆனா அங்கயும் அடுப்பு இருக்கே! சொந்த அடுப்பைக் காவல் காக்கலாம், மச்சினிச்சி அடுப்பை எப்படிக் காக்கறதுன்னு கேட்டாரு சவரிமுத்து.

காவலும் பலமாத்தான் போட்டாரு. கேஸ் சிலிண்டர் தோம்புலருந்து ரெகுலேட்டர் தலைப்பக் கழட்டி, தலகாணிக்கடியில வெச்சுக்கிட்டு படுத்தாரு. "இப்ப என்னா செய்வ?"ன்னு சிரிச்சாரு. சிரிச்ச மூஞ்சியோடவே தூங்கிட்டாரு.

லூர்துமேரி படுத்துப் பாத்தாங்க. பொரண்டாங்க. சிலுவைய எடுத்து செபம் சொன்னாங்க, பாதியில வெங்காயம் ஞாபகம் வந்துச்சு. வெளிய பிள்ளைங்க பட்டாசு வெடிக்குது. இங்க கிறிஸ்மஸ் வீடு ஆஸ்பத்திரி வாசன அடிக்குது, அவரு முட்டிக்குப் போட்ட தைலம். மனசு தாங்கல. ஒரே ஒரு சின்னச் சட்டி. வாசனைக்கு மட்டும். ஐஸ் பொட்டியில மட்டன் இருந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் அவங்க சொல்லல.

தலகாணிக்கடியிலருந்து தலைப்ப உருவுனது புருஷனுக்குத் தெரியல. பட்டை கிராம்பு பொரிஞ்சது வரிசைக்கே தெரிஞ்சு போச்சு.

மொதல்ல வள்ளியம்மா குரல் கேட்டுச்சு. "திருச்செல்வம் அண்ணே! பினாங்கு போனவங்க வீட்டுல கறி வாசன வருது!"

எதிர்வீட்டுத் திருச்செல்வம், "திருடனா இருக்கும் லா"ன்னாரு.

"திருடன் சமைப்பானா?"

"பசிச்சா?"

"பசிச்சவன் வெங்காயத்த இவ்ளோ நிதானமாவா வதக்குவான்?"

உள்ள லூர்துமேரிக்கு எல்லாம் கேக்குது. அடுப்ப அணைச்சுட்டு ஒளியணும். அணைச்சா மசாலா கெட்டுப் போகும். தீயக் கொறைச்சு வெச்சுட்டு மேசைக்கடியில குந்திக்கிட்டாங்க.

பின்கதவு தொறந்துச்சு. திருச்செல்வம் கொசு பேட்ட நீட்டிக்கிட்டு உள்ள வந்தாரு. "யாருடா அது? வெளிய வா! கரண்டு வெச்சிருக்கேன்!"

"நாந்தான் லா"ன்னு வெடுக்குன்னு எந்திரிச்சாங்க லூர்துமேரி. எந்திரிச்ச வேகத்துல குசினியே சுத்துச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கீழ விழறதுக்குள்ள வள்ளியம்மா ஓடி வந்து இடுப்பப் புடிச்சு நாற்காலியில உக்கார வெச்சுச்சு. உக்காந்த எடத்துல லூர்துமேரிக்கு மட்டனும் ஞாபகம் இல்ல, வெங்காயமும் ஞாபகம் இல்ல. காலி மடியப் பாத்தாங்க. இதுல பிள்ள இருந்திருந்தா?

அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. டாக்டர், பிரஷர், பினாங்கு, பிரிக்ஃபீல்ட்ஸ்.

வள்ளியம்மாவுக்குக் கோவம்னா கோவம். "வாயத் தொறந்து சொன்னா நாங்க ஆக்க மாட்டமா? இத்தன வருஷமா ஒங்க வீட்டுல தின்ன வாய் இது!"

"நீதானடி எத்தன கிலோன்னு கேட்ட!"

"எங்க வீட்டுலயே பாதி ஆக்கிக் கொண்டாரலாம்னு கேட்டேன்க்கா! அதுக்குள்ள மாமா பினாங்குக்கு டிக்கட் எடுத்துட்டாரு!"

அப்பத்தான் மாமா கண்ண முழிச்சு, தலகாணிக்கடியில தடவிப் பாத்துக்கிட்டே வந்தாரு. குசினி நெறைய ஆளு. "திருடன் வந்துட்டானா?"ன்னாரு.

"வந்துட்டான், ஒங்க பக்கத்துலயே படுத்திருந்தான்"னாரு திருச்செல்வம்.

அப்புறம் முன்கேட்டுப் பூட்டத் தொறந்தாங்க. ஆளுக்கொரு சட்டி வந்துச்சு, திருச்செல்வம் வீட்டுலருந்து சோறு, மூலை வீட்டுலருந்து அரிசி சேமியா மீஹூன். வள்ளியம்மா கரண்டியப் புடுங்கிக்கிட்டு மட்டன முடிச்சுச்சு. லூர்துமேரி அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல. கை மட்டும் தன்னால கிண்டிக்கிட்டே இருந்துச்சு, காத்துல.

வள்ளியம்மா ஒரு துண்ட ஊதி லூர்துமேரி வாயில வெச்சுட்டு, "உப்பு சரியாக்கா?"ன்னு கேட்டுச்சு.

சப்புன்னு இருந்துச்சு. எந்திரிச்சா நாலு எட்டுல உப்பு ஜாடி. சவரிமுத்து பாக்கறாரு, வரிசையே பாக்குது. முழுங்கிட்டு, "சரியா இருக்குடி"ன்னாங்க.

அன்னிலருந்து அந்த உப்புத்தான், அந்த நாற்காலிதான். அடுத்த தடவ மெஷினப் பாத்துட்டு டாக்டர் பொண்ணு மூஞ்சி சுளிக்கல.

எங்க பேத்தி பொறந்துட்டா. அழகச் சொல்ல மாட்டேன், கண்ணு பட்டுடும். மூக்கு எங்க பக்கம், அத மட்டும் சொல்றேன். இன்னிக்கி காலையில லூர்துமேரி கால நீட்டி உக்காந்து, அவளக் கால்ல போட்டு வெந்நி ஊத்துனாங்க. அவ வீடே அதிர அழுதா. லூர்துமேரி அவ முதுகத் தடவிக்கிட்டே சொன்னாங்க:

"அழாதடி தங்கம். ஒன்னத் தூக்கணும்னுதான் அந்த மட்டனத் தின்னுட்டு உப்பு சரியா இருக்குன்னு பொய் சொன்னேன். அதுவும் கிறிஸ்மஸ் அன்னிக்கி, பூசை பாத்துட்டு வந்து!"