தாய்மாமன் தட்டில் எந்த ஊர் ரூபாய்?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கரப்பத்தனையில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

ஜாதகம் பொருந்தாமல் இல்லை. பெண்ணுக்கும் பையனுக்கும் பிடிக்காமல் இல்லை. காரணம் என்ன தெரியுமா? அந்நியச் செலாவணி!

சிரிக்காதீர்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா முத்துக்கண்ணு எங்கள் கொட்டகலைக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பரிசம் போட நாலு பேர் போகும்போது படித்தவன் ஒருவன் கூட இருந்தால் கௌரவம் என்று, பள்ளிக்கூடத்து வாத்தியாரான என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். பெண் வீடு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பிரா, ஒற்றை அறை. பாய் விரித்து, வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்தாயிற்று. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும்.

பெண்ணுக்குத் தாய்மாமன் சின்னச்சாமி. இந்தியாவில் துறையூர்க்காரர். விசா வாங்கி, கப்பலேறி இதற்காகவே வந்திருக்கிறார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் உண்டு. முறைப்படி பெண் அவனுக்குத்தான். விட்டுக்கொடுத்து வெளியே கட்டிக்கொடுப்பதால், மாமனுக்குத் தனித் தட்டில் ஐம்பத்தோரு ரூபாய் வைப்பது இவர்கள் வழக்கம். அந்தத் தட்டை அவர் எடுத்தால்தான் மற்ற பேச்சு.

முத்துக்கண்ணு வைத்தார். ராணி தலை போட்ட மொடமொட இலங்கை நோட்டுகள்.

சின்னச்சாமி பார்த்தார். எடுக்கவில்லை.

"ஐம்பத்தொண்ணுன்னு பேசினோம். இது ஐம்பத்தொண்ணு இல்லீங்களே…"

"எண்ணிப் பாருங்க சம்பந்தி!"

"எண்ணிக்கை சரிதாங்க. போன தடவை தனுஷ்கோடில எறங்கி உங்க ஊரு நோட்டு நூறு மாத்தினேன். எண்பத்தஞ்சுதான் கைக்கு வந்துச்சு. கொறையிறதுக்குத் தக்கன கூட வையுங்க. இல்ல, சிங்கம் போட்ட எங்க நோட்டா வையுங்க."

வந்ததே கோபம் முத்துக்கண்ணுவுக்கு!

"கூட ஒரு சதம் வைக்க மாட்டேன்! வச்சா எங்க ரூவா மட்டம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி!"

இதில் ஒரு வேடிக்கை. பிரஜா உரிமைக்கு மனுப்போட்டு மூன்று வருஷமாகப் பதிலுக்குக் காத்திருக்கிறவர் முத்துக்கண்ணு. இந்த நாடு இன்னும் அவரைத் தன் ஆள் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டு ரூபாயின் மானத்துக்கு ஒன்று என்றால், மகன் கல்யாணம் நின்றாலும் பரவாயில்லையாம்! கொழும்பில் இருக்கிற எந்த மந்திரிக்கு இவ்வளவு ரோஷம் உண்டு?

"வாத்தியாரய்யா, நீங்க சொல்லுங்க!" என்று முத்துக்கண்ணு என் பக்கம் திரும்பினார்.

கேட்க வேண்டுமா? பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். இரண்டு ரூபாயும் சமம். பேங்கில் ஒன்றுக்கு ஒன்று. சில வருஷத்துக்கு முன் பவுண்டு மதிப்பிறங்கியபோதுகூட இரண்டும் ஒன்றாகத்தான் இறங்கின…

சின்னச்சாமி பணிவாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அதே பணிவோடு கேட்டார்:

"அப்ப பேங்குல மாத்திக் குடுப்பாங்களாய்யா?"

"அதுக்கு அனுமதி வேணும்."

"கேட்டாக் குடுப்பாங்களா?"

"ஃபாரம் நிரப்பி அனுப்பணும்."

"எம்புட்டு நாளாகும்?"

நான் மேலே கூரைத் தகரத்தைப் பார்த்தேன். மணி நாலு அடித்துப் பத்து நிமிஷம்.

"சரிங்க, ஐயாதான் சித்திரையில திருச்சிக்குப் போயிட்டு வந்தீங்களாம். உங்க கையில எங்க ஊரு நோட்டு இருந்தா மாத்திக் குடுங்களேன்? ரெண்டும் சமம்தானே?"

அத்தனை கண்ணும் என் மேல்.

"கையில இல்லீங்க" என்றேன்.

அது பொய்யல்ல. இந்தியப் பத்து ரூபாய் நோட்டுகள் ஐந்து கொட்டகலையில் என் டிரங்குப் பெட்டியில் இருந்தன. அடுத்த பயணத்துக்கு வேண்டுமே! சமம் என்று சொல்வது வேறு… மாற்றிக் கொடுப்பது வேறு… என்ன நான் சொல்வது?

நாலே கால். முத்துக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் பெண்ணின் அம்மா காமாட்சி வெளியே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கசங்கிய ஒரு ரூபாய் நோட்டுகளும் சில்லறையுமாக எடுத்து, எண்ணாமலே அண்ணன் தட்டில் போட்டாள்.

"கொறையிறத நான் போட்டுட்டேன்ண்ணே. நீ அனுப்பிவச்சு இருபது வருஷம் இங்க கொழுந்து பறிக்கிறேன். நீ வர்றப்பல்லாம் வேட்டியும் தேயிலையும் குடுத்தனுப்பினேன். அதெல்லாம் எந்த ஊரு காசுன்னு ஒருநாள் கேட்டிருப்பியா? எடுத்துக்க. எம்புள்ள அழுவுறா."

சின்னச்சாமி தலையைக் குனிந்துகொண்டு தட்டை எடுத்தார். முத்துக்கண்ணு மறுபடி உட்கார்ந்தார். நாலரைக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது தட்டு மாறியது.

இரவு வீட்டுக்கு வந்தால் கண்ணில் பட்டது அந்த டிரங்குப் பெட்டிதான். ஒரு தாய் முடிச்சை அவிழ்த்தாள். நான் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, ஊர் திரும்பக் கொட்டகலை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற சின்னச்சாமியைப் பிடித்தேன். ஐந்து நோட்டையும் நீட்டினேன்.

"இந்தாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்குங்க."

நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேற்று ஏன் தரவில்லை என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. மடியைத் தொட்டுக்கொண்டார்.

"வேணாங்கய்யா. இதுல எந்தங்கச்சி காசும் கலந்து கெடக்கு. எது அவளோடதுன்னு பிரிக்கத் தெரியல. மாத்த மனசு வரல. இப்படியே கொண்டுபோய் வீட்டுல வச்சுக்கிறேன்."

ரயில் வந்தது. போய்விட்டார்.

பெரிய மனுஷன்தான், சந்தேகமில்லை. கண் கலங்கத்தான் செய்தது. ஆனால், 'வேணாங்கய்யா' என்று அவர் சொன்ன நொடியில் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே… அதை எந்த நாட்டு ரூபாயில் கணக்குப் போடுவது, சொல்லுங்கள்!