தண்ணீர்ப் பக்கத்து ஜன்னல்

இந்த நகரத்துக் கால்வாய்களை எந்த ராஜா வெட்டினான் என்று சரித்திரப் புத்தகம் என்னவோ சொல்லும். அதை விடுங்கள். டிக்கெட் பெரியம்மா உட்காருவதற்காகத்தான் ஊரையே கட்டினார்கள், அவள் பார்வைக்காகத்தான் தண்ணீரை விட்டார்கள். படகுத்துறைக் கூண்டிலிருந்து அவள் கிழித்துக் கொடுக்காமல் ஒரு மீன்கூட பாலத்துக்கு அடியில் போனது கிடையாது. அவள் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் சூரியனே சோம்பல் முறிக்கும்.

அப்பேர்ப்பட்ட மகாராணி இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தச் சுற்றுலாப் படகில் ஏறியதில்லை. வருஷத்துக்கு ஒரு இலவசப் பயணம் ஊழியர்களுக்கு உண்டு. அதை அவள் தங்கை மகளிடம் தள்ளிவிடுவாள். தங்கை மகளுக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டவள். ஊர் வைத்த பெயர் வாலு.

பெரியம்மா படகில் ஏறாததற்குக் காரணம் மூன்றாவது வளைவில் இருந்தது. அங்கே தண்ணீரை ஒட்டி நிற்கும் மஞ்சள் வீடு அவள் பிறந்த வீடு. படகு இன்ஜின் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக அவள் அண்ணன், "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று கதவைச் சாத்தினார். மெக்கானிக் செத்தபோதும் அந்தக் கதவு திறக்கவில்லை. நல்லது கெட்டது எல்லாம் நடுவில் வாலுவின் அம்மா வழியாகத்தான் போய் வந்தது.

போன வாரம் அந்த வழியாக வந்தது கெட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து அந்த அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் தாங்கினால் பெரிசு. தண்ணீரைப் பார்க்கணும் என்று கேட்டு, கட்டிலைக் கால்வாய்ப் பக்கத்து ஜன்னலோரம் போட வைத்திருக்கிறாராம்.

பெரியம்மா சோற்றில் வைத்த கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாதுன்னான். தண்ணிப் பக்கம் வாசப்படி கிடையாதே."

"இருபத்தாறு வருஷமா இந்தப் பாயிண்ட் தோணலையா பெரியம்மா?"

"தோணிச்சு. தைரியம் வரலை."

ஒரு தடவை முகத்தோடு முகம் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் மஞ்சள் வீட்டைப் படகு பத்து எண்ணுவதற்குள் கடந்துவிடும். அந்த வளைவில் எதிரே வருவது தெரியாது என்பதால் படகோட்டி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அப்பாலிருந்து பதில் ஹாரன் வந்தால் மட்டும் வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தி, எதிர்ப்படகுக்கு வழிவிட்டுக் காத்திருப்பார். இது வாலுவுக்கு அத்துப்படி. போன வருஷம் பாலத்தில் ஒளிந்துகொண்டு பழைய ஹாரனை அடித்து, வராத படகுக்காக மூன்று படகுகளைக் காக்க வைத்தவள் அவள்தான். அதற்காக அவள் காதைத் திருகியது பெரியம்மாதான்.

செவ்வாய்க்கிழமை பெரியம்மாவுக்கு விடுமுறை. தூறல். சாம்பல் நிற வானம் அழுக்குத் துணியாகக் கூரைகள்மேல் கிடந்தது. சீருடை நீலக் கோட்டு இல்லாமல், வாலுவோடு தன் கூண்டுக்கே வந்து வரிசையில் நின்றவளைப் பார்த்து, மைக் பிடித்து ஊர்க்கதை சொல்லும் வழிகாட்டி இளித்தான்.

"என்னக்கா, ராணி நகர்வலமா?"

"வாயை மூடிக்கிட்டு மைக்கைப் பிடி."

"வாயை மூடிட்டா மைக் எதுக்குக்கா?"

படகு கிளம்பியது. நானூறு வருஷத்துச் சுங்கச்சாவடி, கொக்கி தொங்கும் கிடங்குகள், பழைய சிறைக்குப் போகும் மூடிய பாலம் எல்லாம் மழையில் ஊறிப்போய்க் கடந்தன. மணிக்கூண்டு வந்தபோது பெரியம்மா தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். அது வலது பக்கம் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம், "இடது பக்கம் உட்காருங்க, மணிக்கூண்டு நல்லாத் தெரியும்" என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வந்தவள் அவள்.

"எத்தனை ஆயிரம் பேரைச் சுவத்தைப் பார்க்க வச்சே பெரியம்மா?" வாலு சிரித்தாள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. மூன்றாவது வளைவு வந்துவிட்டது.

படகோட்டி இரண்டு முறை ஹாரன் அடித்தார். வளைவுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. அங்கே பாலத்தில் அந்தப் பழைய ஹாரனோடு நனைந்துகொண்டு நின்றது வாலுவின் தோழி. படகு மஞ்சள் வீட்டின் பாசிபிடித்த சுவரை உரசி நின்றது. இன்ஜின் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

ஜன்னல் சற்றுத் தள்ளி, தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில். திறந்திருந்தது. பெரியம்மா குனிந்துகொண்டாள்.

"மேல பாரு பெரியம்மா."

"முடியலைடி." மடியைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ பாரு. இருக்கானா?"

வாலு பார்த்தாள். ஜன்னலை ஒட்டி உயர்த்தி வைத்த தலையணையில் ஒரு முகம். கன்னம் உள்ளே போய், தாடை தொங்கி. கண் திறந்திருந்தது. அது படகைப் பார்த்தது, மழையைப் பார்த்தது, மறுபடி படகைப் பார்த்தது. தினமும் போகிற ஏதோ ஒரு படகு.

"இருக்காரு."

"என்னைப் பார்க்கிறானா?"

"உன்னைத்தான் பார்க்கிறாரு."

"கோபமா இருக்கானா?"

"இல்ல பெரியம்மா. கை தூக்குறாரு. உனக்குத்தான்."

பெரியம்மா குனிந்த தலை நிமிராமலே தன் கையை உயர்த்தினாள். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்த கட்டைவிரலோடு அந்தக் கை மழையில் வெகுநேரம் அப்படியே நின்றது. உள்ளேயிருந்து யாரோ வந்து, சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினார்கள். எதிர்ப்படகு வரவேயில்லை. படகோட்டி முணுமுணுத்துவிட்டுப் படகை நகர்த்தினார். மிச்ச ஊரை இருவரும் பார்க்கவில்லை.

துறையில் இறங்கி, மழைக்குக் கூண்டின் ஓரமாக ஒதுங்கினார்கள். வாலு தன் துப்பட்டாவைப் பெரியம்மாவின் தலையில் போட்டாள்.

"பதினொன்னேகாலுக்கு எதிர்ப்பக்கம் படகே கிடையாது" என்றாள் பெரியம்மா. "இந்த அட்டவணையை எழுதி ஒட்டினதே நான்தான்."

வாலு தரையைப் பார்த்தாள். "காதைத் திருகப் போறியா?"

"இல்ல." துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எந்தக் கையைத் தூக்கினான்?"

"வலது கை" என்றாள் வாலு, யோசிக்காமல்.

பெரியம்மா தலையை ஆட்டினாள். துப்பட்டாவின் ஓரத்தால் முகத்தைத் துடைத்தாள், மெதுவாக, மழைத்தண்ணீரைத் துடைப்பதுபோல.

"அவனுக்கு வலது பக்கம்தான்டி வாதத்துல விழுந்துபோச்சு. உங்கம்மா சொன்னப்போ நீயும் பக்கத்துலதான் இருந்தே, போனை நோண்டிக்கிட்டு."