இரண்டு விரல் குறைவு

பால் அளக்கும் நாளில் எங்கள் ஊரில் அண்ணனுமில்லை, தம்பியுமில்லை. வசந்தத்தில் செம்மறிகளை மேல்மலைக்கு ஓட்டுவதற்கு முன் அவரவர் ஆட்டை அவரவரே கறக்க வேண்டும். கொம்பு ஊதியதும் கையை எடுத்துவிட வேண்டும். வாளியில் அன்று நிற்கும் பாலை வைத்துத்தான் கோடை முழுக்க அந்த வீட்டுக்குப் பாலாடைக்கட்டியில் பங்கு. கொட்டிய பாலுக்குக் கணக்கில்லை.

தொதோசியா அதுவரை பட்டி வாசலில் போடும் கறவை முக்காலியில் உட்கார்ந்தவள் அல்ல. அது ஆண்களின் இடம். புருஷன் கவ்ரிலா கறப்பான், அவள் விருந்துக்குச் சோளக் களி கிண்டுவாள். இலையுதிர்காலத்தில் அவன் வெட்டிய மரம் அவன்மேலேயே சாய்ந்தது. தொதோசியா வாய்விட்டு அழுதாள். அழுது முடித்த கையோடு கோடாலியை எடுத்துப் பனிக்காலத்து விறகை அவளே பிளந்தாள். அவளுக்கு அழுகையும் வேலையும் ஒன்றையொன்று தடுத்ததில்லை.

கொழுந்தன் இலாரியேவுக்கு அண்ணன் போன துக்கம் ஒரு கண்ணில், அண்ணனின் ஆடுகள் மறு கண்ணில்.

"பொம்பள கைக்குப் பால் இறங்காது அண்ணி. போன வருசம் அண்ணனோட பால் நின்ன எடத்துல குச்சியில போட்ட கோட்ட உங்க பால் தொடலேன்னா ஆடுங்கள எங்கிட்ட ஓட்டிவிட்டுருங்க. உங்களுக்குத் திங்கக் கட்டி நான் தரமாட்டேனா?"

"முதல்ல கறக்குறேன் தம்பி. பேச்ச அப்புறம் வச்சுக்கலாம்."

ஆடு போய்விட்டால் கொழுந்தன் வீட்டு வாசலில் கிண்ணம் ஏந்தி நிற்கும் பிழைப்புதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பனி உருகியதிலிருந்து தினமும் தொழுவத்தில் கறந்து பழகினாள்.

அவ்வளவும் செய்தவள் ஒன்றில் சறுக்கினாள். திருவிழா நாளாயிற்றே என்று, எங்கள் பெண்கள் எல்லாரையும் போலக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கறக்கிற ஆண்களோ எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய தோலங்கியில் இருந்தார்கள். நாலைந்து ஆடுகள் கறந்தாயிற்று. காற்றில் சட்டைக் கை படபடவென்று அடித்தது. பட்டி வாசலில் நுழைந்த கருமூஞ்சி ஆடு மிரண்டு விட்ட உதையில் மரவாளி கவிழ்ந்தது. பால் சாணிச் சேற்றில் ஓடியது.

பக்கத்தில் நின்ற பெலாகியா பதறிப்போய், தன் புருஷன் கறந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் ஊத்துறேன் அக்கா. யாரு பாக்கப்போறா?"

"ஒன் புள்ளைங்க திங்கறத என் வாளியில ஊத்தாத. எடுத்துட்டுப் போ."

முக்காலியில் மெத்தைக்காகப் போட்டிருந்த கவ்ரிலாவின் தோலங்கியை உருவி மாட்டிக்கொண்டாள். வாளியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கினாள். மிச்ச ஆடுகளை மடி தளரும்வரை கறந்தாள். கறந்தவற்றையே மறுபடி வாசலுக்கு இழுத்து, கொடுத்த சொட்டையும் விடாமல் பிழிந்தாள். ஆண்கள் சிரித்தார்கள். அவள் தலை நிமிரவில்லை.

கொம்பு ஊதியது. தலைமை மேய்ப்பர் நெகிதா கவ்ரிலாவின் கோடு போட்ட குச்சியை அவள் பாலில் விட்டுப் பார்த்தார். கோட்டுக்கு இரண்டு விரல் குறைவு.

"நான் சொன்னேன்ல அண்ணி," என்றான் இலாரியே. குரலில் இரக்கம் வழிந்தது. "சாயங்காலம் வந்து ஓட்டிக்கிறேன்."

தொதோசியா தோலங்கியிலேயே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"குறைஞ்சது பாலு தம்பி. ஆடு குறையலையே. இந்த வருசம் கட்டியக் கொஞ்சம் சின்னதா வெட்டித் தின்னுக்கறேன்."

பிறகு நெகிதாவிடம் திரும்பினாள். "அண்ணே, அந்தக் கோடு அவரோடது. பால் நிக்கிற எடத்துல எனக்கொண்ணு போடுங்க. அடுத்த வருசம் அதுலேருந்து பாத்துக்கலாம்."

நெகிதா இலாரியேவைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், கத்தியை எடுத்துக் குச்சியில் ஆழமாகவே கீறினார். தொதோசியா பட்டியின் மேல்வாசலைத் திறந்துவிட்டாள். கருமூஞ்சிதான் முதலில் மலையேறியது.